விதைக்கு விட்ட காய்

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நோக்கி இறங்கும் குறுகிய ஒழுங்கைகளில் ஒன்றில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடொன்றின் மேல்மாடியில் பிறிஜெற் இருக்கிறாள். வயது அறுபத்து நான்கு. பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தம் இல்லை. அந்த இல்லாததைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குப்பை லொறி வராத நாளில் யாராவது பையைக் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் வைத்தால், மேலேயிருந்து தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி வசை விழும். வைத்தவர் பேசாமல் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். அந்த வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவளுடைய புருஷன் ஸ்ரனிஸ்லாஸ்தான். அதற்கும் ஒழுங்கைக்காரர் காரணம் வைத்திருந்தார்கள். காலமெல்லாம் துறைமுகத்தில் வின்ச் இரைச்சலுக்குள் நின்று மனுசனுக்கு ஒரு காது அடைத்துப்போய்விட்டதாம், அந்தக் காதைத்தான் அவர் வீட்டில் மனைவி பக்கம் திருப்பி வைத்திருப்பாராம்.

ஸ்ரனிஸ்லாஸ் பென்ஷன் எடுத்து வந்த நாளில் அவரோடு ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாவும் ஒரு முற்றிய புடலங்காயும் ஆட்டோவில் வந்து இறங்கின. பீப்பா துறைமுகத்துச் சாமான். காயைக் கொடுத்தவர் கூட வேலை செய்து கூடவே ஓய்வு பெற்ற றவூப். தெமட்டகொடையில் ரயில் பாதையோரம் வீடு, வேலி முழுக்கப் புடலை. வேலைக்காலத்தில் இந்தக் காயைத்தான் ஸ்ரனிஸ்லாஸ் றவூப்பின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பங்கு கேட்டுத் தின்றிருக்கிறார். முழங்கை நீளத்துக்கு மேல் வளராது. வெள்ளை உடம்பில் பச்சைக் கோடு. கடைப் புடலங்காயில் வருகிற அந்தப் பச்சை நாற்றம் இதில் கிடையாது.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தளம் இருந்தது. அது பிறிஜெற் உடுப்புக் காயப்போடும் இடம். பீப்பாவைப் பாதியாக வெட்டி, மண் நிரப்பி, அங்கே வைத்து அவர் பந்தலும் போட்டார். உடுப்புக் கொடிக்கும் புடலங்கொடிக்கும் இடையில் ஒரு வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் பிறிஜெற் தன் உடுப்புகளை முன் யன்னலுக்கு மாற்றிக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் தோற்றது அவளுக்கே ஆச்சரியம்.

எல்லாரும் முதல் காயைக் கறி வைப்பார்கள். ஸ்ரனிஸ்லாஸ் முதல் காயை விதைக்கு விடுவார். பூ உதிர்ந்து பிஞ்சு விரல் நீளம் வந்ததும், பழைய காக்கிச் சேட்டிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துக் காம்பில் கட்டிவிடுவார். கட்டினால் யாரும் தொடக்கூடாது. காய் பழுத்துச் செம்மஞ்சளாகி, வெடிக்கப்போகிற நேரத்தில் அறுத்து, உள்ளே இருக்கும் சிவப்புச் சதையைக் கழுவி, விதைகளைச் சாம்பலில் பிரட்டி, நிழலில் உலர வைத்து, பால்மா டின்னுக்குள் போட்டு மூடுவார். காஸ் அடுப்பு எரியும் வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். குருத்தோலை ஞாயிறில் மந்திரித்துத் தரும் ஓலையைக் குப்பையில் போடக்கூடாது, அடுத்த வருஷம் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அதை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்குக் கிடைக்கிற இரண்டு ஓலையில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் புடலை விதைக்கு எரிப்பார். பாதருக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார் என்று பிறிஜெற் சொல்லுவாள். புடலையும் ஆண்டவர் படைத்ததுதானே என்பார் அவர். அதற்குமேல் அவளுடைய பேச்சு அந்த அடைத்த காதுக்குள் போகாது.

அந்த மனுசன் கொரோனாவில் போனார். இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால். இருமலோடு நடந்துபோய் அம்புலன்சில் ஏறினவர், ஏறும்போது கொடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு தொலைபேசிதான் வந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி உடலைப் புதைக்க விடவில்லை, எரித்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழக் கிடைக்கவில்லை. ஒரே மகன் இத்தாலியில் இருந்து தொலைபேசிக்குள் அழுதான். கார்த்திகை மாதம் இறந்தவர்கள் திருநாளுக்கு ஒழுங்கை முழுக்கச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தும். பிறிஜெற்றுக்குக் கழுவ ஒரு கல் இல்லை. முதல் வருஷம் அவள் மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு போய், எங்கே வைப்பதென்று தெரியாமல், யாரோ ஒருவருடைய கல்லறையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவரிடமிருந்து மிஞ்சியது அந்த டின். அந்த ஆவணியில் அவர் தன் கையால் சாம்பல் பிரட்டிப் போட்ட விதை. அதை அவள் அலுமாரிக்குள் அவருடைய செபமாலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். அடுத்த வருஷம் நடவில்லை. அதற்கடுத்த வருஷம் நாட்டில் காசும் இல்லை, காஸும் இல்லை, எல்லாரையும் வீட்டில் மரக்கறி நடச் சொன்னார்கள். ஒழுங்கையில் கத்தரியும் வெண்டியும் பூச்சட்டிகளில் முளைத்தன. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணாவின் புடலை விதை இருக்கிறதா என்று இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். இல்லை என்று முகத்தில் அடித்ததுபோலச் சொல்லி அனுப்பினாள். கொடுக்க மனமில்லாமல் இல்லை. டின்னைத் திறந்தால், உள்ளே இருப்பதைத் தொட்டால், ஒன்று குறைந்துபோய்விடும். அவர் கடைசியாக மூடின மூடி, அவர் மூடினபடியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

துறைமுகக் காற்றுக்குத் தகரம் தாங்குமா? இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை, செபமாலையை எடுக்கப்போனபோது டின்னின் அடியில் துரு பிடித்து அலுமாரித் தட்டில் வட்டமாகக் கறை விழுந்திருந்ததைக் கண்டாள். திறந்தாள். சாம்பல் ஈரமாகிக் கட்டிபட்டிருந்தது. பாதி விதையைப் பூச்சி தின்று கோது மட்டும் கிடந்தது. மிச்சத்தில் பூஞ்சணம். விதை என்பது நகை மாதிரிப் பூட்டி வைக்கிற சாமான் இல்லை, வருஷத்துக்கு வருஷம் மண்ணைக் காட்டினால்தான் அது இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த மனுசன் செய்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. பார்த்தாள், நக்கலடித்தாள், படிக்கவில்லை. பத்திரமாக வைத்து வைத்துத் தானே அதைக் கொன்றுவிட்டதாக நினைத்து, அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பஸ் ஏறித் தெமட்டகொடைக்குப் போனாள். றவூப்பின் வேலி இருந்த இடத்தில் வேலியும் இல்லை, வீடும் இல்லை. ரயில் பாதையோரத்துச் சனத்தை எல்லாம் உயரமான தொடர்மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தபோது றவூப்பின் மகள் நிஹ்லாதான் கதவைத் திறந்தாள். வாப்பா போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்றாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் இரண்டு ஆம்பிளைகளையும் பற்றிக் கதைத்து அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள். விதை கேட்டபோது நிஹ்லா யன்னலைக் காட்டினாள். அங்கே உடுப்புக் காயப்போடவே இடம் இல்லை. ஆக, உலகத்தில் அந்தப் புடலையின் விதை எங்கேயாவது இருக்கிறதென்றால், அது பிறிஜெற்றின் துருப்பிடித்த டின்னில்தான் இருந்தது.

இருந்ததையெல்லாம் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, பிறகு பீப்பா மண்ணில் ஊன்றினாள். ஒன்று முளைத்தது. ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை அவள் வளர்த்த விதத்தைச் சொன்னால் அவள் மகன்கூட நம்பமாட்டான். அவனைக்கூட அவள் அப்படி வளர்க்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது ஸ்ரனிஸ்லாஸோடு கதைக்கிற பழக்கமும் வந்துவிட்டது. முன்பு திட்டினதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பழைய மாதிரியே திட்டினாள். பந்தலில் கொடி ஏறினபோது, கல்லறை இல்லாதவளுக்குக் கல்லறை கிடைத்தமாதிரி இருந்தது.

கீழ்வீட்டில் ஷெரோமி இருக்கிறாள். அவளும் புருஷன் ரெனால்டும் ஸ்ரனிஸ்லாஸ் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு குடிவந்தவர்கள். அவரைப் படத்தில்தான் தெரியும். ரெனால்ட் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறான். ஷெனெல் என்று ஐந்து வயதில் ஒரு மகள். பிறிஜெற் வாய் திறந்து ஒரு சொல் பிழையாகச் சொல்லாத ஒரே வீடு அது. மேல்வீட்டுச் சாவி ஒன்று ஷெரோமியிடம் எப்போதும் இருக்கும்.

வைகாசி மழையோடு ஷெனெலுக்கு டெங்கு வந்தது. ஒழுங்கையே பதறியது. சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்து வீடு வீடாகத் தேங்கிய தண்ணீர் தேடினார். பிறிஜெற்றின் தளத்தில் பீப்பாவின் அடித்தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் ஒழுங்கையில் கதை நின்றுவிடவில்லை. தலைக்கு மேலே பீப்பாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் கீழே இருக்கிற பிள்ளைக்கு நுளம்பு கடிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். பீப்பாவைத் தூக்கி வீசச் சொல்லு என்று ஷெரோமியிடமே போய்ச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஷெரோமியோ, அது அன்ரியின் ஒரே கொடி, அதைப் பற்றி யாரும் என்னிடம் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அதைக் கேள்விப்பட்ட இரவு பிறிஜெற்றுக்கு நித்திரை வரவில்லை. நுளம்பு தன் பீப்பாவிலிருந்துதான் போயிருக்குமோ என்று அவளுக்கே ஒரு பயம் இருந்தது.

இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன நாளில், மாடிப்படியில் நின்று அழுத ஷெரோமியின் கையைப் பிடித்து அவள் சொன்னாள்:

“அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன் மகள். பிள்ளைக்கு ஒண்டும் வராது.”

நேர்ந்தது பாண். பிள்ளை சுகமாகி வந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பதாக. பிள்ளை சுகமாகி வந்தது. அடுத்த செவ்வாயே பிறிஜெற் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. வாய் பெரிதென்றாலும் கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. இந்த ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

அதே நாட்களில்தான் கொடி பூத்தது. புடலம்பூ பொழுதுபட்டுத்தான் விரியும். நகரத்தில் அதைத் தேடி வர வண்டுமில்லை, அந்துப்பூச்சியுமில்லை. ஸ்ரனிஸ்லாஸ் செய்ததுபோல ஆண்பூவைப் பிடுங்கி, பிஞ்சு தாங்கிய பூவில் அவளே தடவினாள். பல தடவை பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. ஒன்று பிடித்தது. அது விரல் நீளம் வந்ததும் அவருடைய காக்கிச் சேட்டொன்றை எடுத்து, மூக்கில் வைத்துப் பார்த்து, கீற்றுக் கிழித்துக் காம்பில் கட்டினாள். இது பழுத்தால் போதும், வாற வருஷத்துக்கு ஒரு கை விதை கிடைக்கும், பிறகு ஒருபோதும் பூட்டி வைக்கமாட்டேன் என்று அவருக்குச் சொன்னாள்.

அந்த ஒழுங்கையில் அந்தோனியாருக்கு நேர்ந்த எதிலும் மண்ணிறத் துணி கட்டுவார்கள். அது புனிதரின் அங்கியின் நிறம். கோழியின் காலில், பலாக்காயில், தேங்காய்க் குலையில். திருநாளன்று இளந்தாரிகள் வந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டுபோய் அந்தோனியார் சிலை நிற்கும் சுரூபத்தடியில் வைப்பார்கள், பின்னேரம் ஏலம் நடக்கும். ஸ்ரனிஸ்லாஸ் இருந்த காலத்தில் அவர் பந்தலில் தொங்குகிற காக்கித் துணி விதைக்காய் என்று எல்லாருக்கும் தெரியும். பிறிஜெற்றுக்கு அது நேர்த்தித் துணி மாதிரி இருக்கிறதே என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்கு அது துணியே இல்லை, அவருடைய சேட்.

ஆனி பதின்மூன்றாந் தேதி அந்தோனியார் திருநாள். அன்றைக்கே அவளுக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக்கும் விழுந்தது. விடியப் போனவள் வெயில் ஏறித்தான் திரும்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தளத்துக்குப் போனாள். காயைக் காணவில்லை.

காய் மட்டும் இல்லை. பீப்பாவிலிருந்து நூலைப் பிடித்து ஏறிப்போன தண்டு, அடியோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்தது. பந்தலில் மிஞ்சின இலைகள் அதற்குள்ளேயே துவண்டு, தலைகீழாகத் தொங்கின. பிறிஜெற் பீப்பாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தாள். கையில் அகப்பட்டால் கிழித்துவிடுவேன் என்று எழும்பி, படியால் கீழே இறங்கினாள்.

படியடியில் ஷெரோமி நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அன்ரி, நேர்த்திக் காயைக் குடுத்திட்டம். நீங்க கிளினிக் போன நேரம் பெடியன்கள் வந்திட்டாங்க, திருநாள் தவறிப் போயிடுமெண்டு நான்தான் மேல கூட்டிக்கொண்டு போனனான். ரெனால்ட் ஒரு துண்டுக் கொடியோட வெட்டினவர், இலையோட வைச்சா வடிவெண்டு. ஷெனெல்தான் தூக்கிக்கொண்டு போனவள்.”

பிறிஜெற்றுக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை மாடிப்படியில் கேட்ட ஒரு வார்த்தையையும் காம்பில் கட்டியிருந்த துணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். தன் மகளின் உயிருக்கு நேர்ந்த காய் அது என்று இத்தனை நாளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒழுங்கையே சொல்லியும் பீப்பாவை எறிய விடாதவள் அவள். பிறிஜெற் ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஆத்திரப்பட்டாள். ஷெரோமி மேல், ரெனால்டின் கத்தி மேல், தன் கிளினிக் துண்டு மேல், அந்தோனியார் மேலும்தான். காணாமல் போனதை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்று பேர் எடுத்துவிட்டு, ஒரு விதவையின் கையில் இருந்த ஒன்றைப் பறித்துக்கொண்டாரே என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். அழுது முடிந்தபிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு வருஷம் காற்றில் விதைக்காய் பழுக்க முன்னமே விழுந்துவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் அதை எறியவில்லை. சமையலறை யன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அது அங்கேயே கிடந்து மெல்ல மெல்லப் பழுத்து, பாதிக்குப் பாதி நல்ல விதை கொடுத்தது. இந்தக் காயும் முக்கால்வாசி முற்றியதுதான். இன்றைக்கே கையில் கிடைத்தால், தொங்கவிட்டால், இரண்டு விதையாவது தேறும். பின்னேரம் ஏலம் இருக்கிறது. போய் எடுத்துவிட்டால் போகிறது.

கைப்பையில் இருந்ததோடு பால்காரனுக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் போட்டுக்கொண்டு, பூசை முடிகிற நேரத்துக்குச் சுரூபத்தடிக்குப் போனாள். மழை இருட்டு. கூடாரத்துக்குள் கோழி, பலாக்காய், கேக், தேங்காய் என்று வரிசையாக ஏலம் போய்க்கொண்டிருந்தது. புடலங்காயை ஏலம் சொல்கிறவர் தூக்கிக் காட்டினார். கொடியும் இலையும் வாடிவிட்டன, காய் வாடவில்லை. கோடு கோடாக, நல்ல வடிவான காய். பிறிஜெற் முதல் ஆளாகக் கை உயர்த்தினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. ரெனால்ட். மகளைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றான். பிறிஜெற் கூட்டிக் கேட்டாள். அவன் யார் கேட்கிறதென்று பார்க்காமலே அதற்குமேல் கேட்டான். திரும்பவும் அவள் கூட்டினாள். ஏலக்காரர் அவளை அப்போதுதான் கண்டார். ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருக்கிறவர், அவளிடம் பலமுறை பேச்சு வாங்கினவர்.

“பிறிஜெற் அக்கா, குடுத்த நேர்த்தியைத் திருப்பிக் கேக்கிறீங்களே. அந்தோனியார் கோவிப்பார்.”

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, திருநாள் சிரிப்பு. நேர்ந்தவரே ஏலத்தில் எடுப்பது அங்கே வழக்கமில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: இது நேர்த்தி இல்லை, என் புருஷன் விட்ட விதை, இவர்கள் தெரியாமல் வெட்டிவிட்டார்கள். சனம் உடனே விலகி வழிவிட்டிருக்கும். காயை அவள் கையிலேயே தந்திருப்பார்கள்.

ரெனால்டுக்குப் பக்கத்தில் நின்ற ஷெரோமி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் கேள்வி இருந்தது, ஒரு சின்னப் பயமும் இருந்தது. தோளில் இருந்த ஷெனெல், தான் தூக்கிவந்த காயைக் காட்டி அப்பாவின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஊசி குத்தின கை இன்னும் கன்றித்தான் இருந்தது. எல்லார் முன்னாலும் இந்தத் தாயைப் பார்த்து, உன் பிள்ளைக்கு நான் இதை நேரவில்லை என்று சொல்ல வேண்டும். பிறிஜெற்றுக்கு வாய் இருந்தது, வார்த்தை இருந்தது. கையை இறக்கிவிட்டாள். சும்மா பகிடிக்குக் கேட்டனான் என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாந்தரம் சொல்லிக் காய் ரெனால்டின் கைக்குப் போனது.

அன்றிரவு அவள் இன்னொரு கணக்குப் போட்டாள். காலையில் கீழே போய், அந்தக் காயை இரண்டு கிழமைக்கு என் யன்னலில் தொங்கவிடத் தா மகள் என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கிழவியின் விசர் என்று நினைத்தால் நினைக்கட்டும். விடிந்ததும் படியில் பாதி இறங்கினாள். உள்ளே ரெனால்ட் சிரிக்கிற சத்தம் கேட்டது. பல கிழமைகளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். திரும்பி ஏறிவிட்டாள். கோப்பையைக் கழுவிவிட்டு மறுபடியும் இறங்கினாள். கதவடியில் நின்று என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே ஷெனெல் யாரோடோ விளையாடப் பாய்ந்து வந்தாள். அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் மேலே வந்துவிட்டாள். ஒழுங்கையையே அதட்டுகிற வாய், கேட்கவேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை.

மத்தியானம் ஷெரோமி மேலே வந்தாள். கையில் வாழையிலை போட்டு மூடிய பீங்கான். சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் விட்டு வைத்த புடலங்காய்க் கறி. மேசையில் வைத்து, இலையை எடுத்து, பிறிஜெற்றை இருத்திவிட்டுத் தானும் எதிரில் இருந்தாள்.

உள்ளுக்குள் இருந்த சதையை என்ன செய்தாய் என்று பிறிஜெற் கேட்டாள். கொஞ்சம் முற்றிப்போய்ச் சொதசொதவென்று இருந்தது, வழித்துக் குப்பைப் பையில் போட்டேன், பத்து மணிபோல லொறி வந்து கொண்டுபோய்விட்டது என்றாள் ஷெரோமி. ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து சோற்றைக் கண்டால் முகம் திருப்பின ஷெனெல், நேர்த்திக் காய் என்று சொன்னதும் இரண்டாந்தரம் கேட்டுத் தின்றாளாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது.

பிறிஜெற் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். அதே ருசிதான். றவூப்பின் பெட்டியிலிருந்து அவளுடைய சட்டிக்கு வந்து, அவள் திட்டித் திட்டி ஒவ்வொரு வருஷமும் சமைத்த அதே காய். ஒரு வாய் இறங்கியது. அடுத்த வாயை எடுக்க முடியாமல் விரல்களைச் சோற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஷெரோமி கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“அன்ரி, இதின்ர விதை ரெண்டு எனக்குத் தருவீங்களா? இனி வருஷா வருஷம் முதல் காயை அந்தோனியாருக்குக் குடுக்கிறதெண்டு நேர்ந்திட்டன். இந்தக் காயைத்தான், வேற காய் இல்ல.”

“விதை இல்ல மகள்.”

“எல்லாத்தையும் நட்டிட்டீங்களா?”

“ஓம். எல்லாத்தையும் நட்டிட்டன்.”

ஷெரோமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளுடைய முகம் தெளிந்தது.

“பரவாயில்ல அன்ரி. அடுத்த காயை விதைக்கு விடுவம். நான் காவல் இருக்கிறன், ஒருத்தரையும் தொட விடமாட்டன்.”

மேலே ஓட்டில் மழை விழத் தொடங்கியது. பின்கதவு திறந்திருந்தது. ஷெரோமி அதற்கு முதுகு காட்டி இருந்தாள். அவளுக்குப் பின்னால் பந்தலில் கொடி கறுத்துச் சுருண்டு தொங்குவதைப் பிறிஜெற் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அம்புலன்சில் ஏறினதிலிருந்து இந்த நாலரை வருஷமும் அவர் செத்துவிட்டார் என்று அவள் எல்லாருக்கும் சொல்லித்தான் வந்தாள். இப்போதுதான் தனக்கே அது தெரிந்தது. இனி அவர் எங்கேயும் இல்லை.

ஷெரோமி திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று அவள் எழும்பிப்போய்ப் பின்கதவைச் சாத்தினாள். வந்து இருந்து, “ஓம் மகள், அடுத்த காயை விடுவம்” என்று சொன்னாள். பிறகு அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பீங்கானில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.